பிராதில் எழுதாமல் விட்டது

மூங்கில்துறைப்பட்டு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள அண்ணன் ஜெயப்பிரகாஷுக்கு,

தம்பி தமிழழகன் எழுதுவது. அப்பா, அண்ணி, குறிஞ்சி, நான் எல்லோரும் உடம்புக்குச் சுகம். மனசுக்குச் சுகமா என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். குவைத்தில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று நான் விசாரிக்க வேண்டும். அதை டேவிட்டிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன் கேம்ப்பில் பக்கத்து அறையில் இருக்கிற அதே டேவிட்தான். லீவு முடிந்து வருகிற சனிக்கிழமை கிளம்புகிறான். இதை அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நீ என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டாய். அண்ணிக்கு நீ போன் செய்தபோதெல்லாம் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சரி, பேப்பரை யாரும் பிளாக் செய்ய முடியாது. கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன்னால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு.

உனக்கு வந்த செய்தி இதுதானே: உன் பெண்டாட்டி உன் தம்பியின் பைக்கில் உட்கார்ந்து கள்ளக்குறிச்சிக்குப் போனாள். உண்மை. போனார்கள். நான்தான் ஓட்டினேன். பூமாலைச் சித்தி பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, நாங்கள் கள்ளக்குறிச்சி போய்ச் சேருவதற்குள் உனக்குச் சொல்லிவிட்டாள். கல்வராயன் மலையில் யாருக்கும் டவர் கிடைக்காத இடத்தில்கூட அவளுக்கு மட்டும் எப்படியோ கிடைக்கிறது. ஏன் போனோம் என்று நீ கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "அம்மா இல்லாத வூட்டுல இன்னாடா நடக்குது?" என்றாய். அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நீயே தனியாக யோசித்து வெட்கப்பட்டுக்கொள்.

இப்போது உன் மகள் குறிஞ்சி. நீ போகும்போது கைக்குழந்தை. இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. வீடியோ காலில் உன்னையே பார்க்கிறாள் என்று டேவிட்டிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாயாம். அண்ணா, அவள் பார்க்கவில்லை. அப்பா அவள் தாவாக்கட்டையைப் பிடித்துப் போன் பக்கம் திருப்பி வைக்கிறார். விரல்கள் திரைக்குக் கீழே இருப்பதால் உனக்குத் தெரிவதில்லை. கையை எடுத்தால் முகம் வேறு பக்கம் போய்விடும். உன்னை ஏமாற்ற வேண்டும் என்று அவர் செய்யவில்லை. அங்கே தனியாகக் கிடக்கிறாய், உன் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான். இந்த வீட்டில் எல்லோரும் எல்லோர் மனசையும் பார்த்தோம், பிள்ளையைத்தான் பார்க்கவில்லை.

பகல் முழுக்க அவள் கரியாலூர் டீக்கடையில் அப்பாவோடு இருப்பாள். அருவி பார்க்க வருகிறவர்கள் குடித்துவிட்டுப் போடுகிற ஜூஸ் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்குவாள். நடுவில் ஒன்றை யாராவது எடுத்தால் ஊரே கூடுகிற மாதிரி கத்துவாள். இல்லையென்றால் பால் குண்டான் மூடியைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். மறுபடி சுற்றுவாள். பசித்தாலும் கேட்க மாட்டாள், விழுந்தாலும் யாரிடமும் ஓடி வர மாட்டாள். அப்பாவுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. டீ குடிக்க வருகிறவர்களிடம், "பொட்டப்புள்ளன்னா இப்டிதான் இருக்கணும். வெச்ச எடத்துல இருக்கும். ஆளப் பாத்து இளிக்காது, அது வேணும் இது வேணும்னு அடம் கெடையாது" என்று சொல்வார். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஒரு சாக்லேட் கொடுப்பார்கள். அவள் சாக்லேட்டைப் பார்ப்பாள், கொடுத்தவரைப் பார்க்க மாட்டாள். ஆண் பிள்ளை இப்படி இருந்திருந்தால் அப்போதே யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். பெண் பிள்ளை என்பதால் அடக்கம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

முதலில் கண்டுபிடித்தது அண்ணிதான், நான் இல்லை. ஒரு வாரலீவில் நான் சர்க்கரை மில்லிலிருந்து மலைக்கு, வீட்டுக்குப் போயிருந்தபோது சொன்னார்கள்: "தம்பி, இவ அம்மான்னு கூப்டலங்கறது எனக்குப் பெருசு இல்ல. நான் எதிர்ல ஒக்காந்து அழுதாக்கூட இன்னான்னு பாக்க மாட்டேங்குறா." அதற்கு முன்பே அப்பாவிடமும் சித்தியிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். "எந்நேரமும் நீ செல்லு பாத்துக்கினு இருந்தா புள்ள எங்கேருந்து பேசும்?" என்று அண்ணி மேலேயே திருப்பி விட்டிருக்கிறார்கள். உன்னிடமும் சொன்னார்களாம். "உனக்கு வேற வேல இல்ல" என்றாயாம்.

மில்லில் கருவிகளைப் பழுது பார்க்கிற என் வேலை தெரியும் உனக்கு. யார் என்ன சொன்னாலும் நான் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பேன். பின்னால் நின்று "குறிஞ்சி" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. கடையின் அந்த மூலைக்குப் போய் பிஸ்கட் பாக்கெட்டை லேசாகக் கசக்கினேன். ஓடி வந்தாள். அப்படியென்றால் காது கேட்கிறது. பிஸ்கட் டப்பாவைத் தூக்கி மேலே வைத்தேன். கை நீட்டிக் காட்டுவாள், என்னைப் பார்த்துச் சிணுங்குவாள் என்று காத்திருந்தேன். அவளோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் டப்பா பக்கம் தள்ளினாள், நாம் ஸ்பேனரை எடுத்து நட்டில் வைப்போமே, அது மாதிரி. என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஒன்றரை வயதில் 'தண்ணி' சொன்னாள், 'வா' சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? போனில் நீயே கேட்டாய். அதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோய்விட்டது. வந்த வார்த்தை திரும்பிப் போவது சும்மா இருக்கிற விஷயம் இல்லை.

நீ உடனே சொல்வாய், நானும் லேட்டாகத்தான் பேசினேன் என்று. பேசினாய். ஆனால் நம் அத்தையைக் கேட்டுப் பார். பேச்சு வராத வயதிலேயே நீ எல்லோர் வேட்டியையும் இழுத்து, ரோட்டில் போகிற மாட்டைக் காட்டி, அவர்கள் பார்த்தார்களா என்று திரும்பி அவர்கள் முகத்தையும் பார்ப்பாயாம். உனக்கு வாய் மட்டும்தான் லேட். குறிஞ்சி எதையும் யாருக்கும் காட்டுவது இல்லை. இரண்டும் ஒன்று இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகச் சொல்லவில்லை, என் குணம் உனக்குத் தெரியும். அவர் மறுநாள் காலை பஸ் ஏறி விருத்தாசலம் போய், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்தார். பெயர், ஊர் போட்டு, "என் பேத்திக்குப் பேச்சு வரவேண்டும்" என்று எழுதி வேலில் கட்டியாகிவிட்டதாம். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்த்து வைக்குமாம். அதுவரைக்கும் ஆஸ்பத்திரி, டாக்டர் என்று யாரும் கிளம்பக் கூடாதாம். "கேஸு அங்க நடந்துக்கினு இருக்கும்போது இன்னொரு கோர்ட்டுக்குப் போவியாடா?" என்று கேட்டார். நீயும் அதையே பிடித்துக்கொண்டாய். மூன்று மாதம்தானே, பொறு என்று மெசேஜ் போட்டாய்.

பிராது கட்டியதை நான் குறை சொல்லவில்லை. நம் ஆட்கள் போலீஸ் ஸ்டேஷனில் கிடைக்காத நியாயத்துக்கெல்லாம் அங்கேதான் போகிறார்கள், போகட்டும். எனக்குக் கோபம், பிராதைத் தப்பாக எழுதிக் கொடுத்ததில்தான். எங்கள் மில்லில் ஷிப்ட் ஆள் 'பிரஷர் கேஜ் வேலை செய்யவில்லை' என்று எழுதிக் கொடுப்பான். கேஜை மாற்றுவோம். மறுபடியும் முள் அசையாது. கடைசியில் பார்த்தால் கேஜுக்கு வருகிற குழாய் அடைத்துக் கிடக்கும். பேச்சு கடைசியில் அசைகிற முள் அண்ணா. அதற்கு முன்னால் முகத்தைப் பார்ப்பது, கூப்பிட்டால் திரும்புவது, விரல் நீட்டுவது, நாம் சிரித்தால் சிரிப்பது என்று எவ்வளவோ வர வேண்டும். அது ஒன்றைக்கூட அப்பா பிராதில் எழுதவில்லை.

இதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். "சாமி இன்னா உங்க மில்லு போர்மேனாடா, எழுதிக் குடுத்தத மட்டும் பாக்குறதுக்கு? அதுக்கு எல்லாம் தெரியும்" என்றார். "தெரிஞ்சா எதுக்கு எழுதிக் குடுத்த?" என்றேன். டீ வடிகட்டியைத் தூக்கி எறிந்தார். குறி தப்பிவிட்டது. டீத்தூள் மட்டும் என் சட்டை முழுக்க.

அன்றைக்கே அண்ணியும் நானும் முடிவு செய்துவிட்டோம். கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே கூட்டிப்போவது என்று. நீ முன்பே சொல்லியிருந்தாய், பைக்கில் அண்ணியை ஏற்றக் கூடாது என்று. உன் பேச்சைக் கேட்கத்தான் செய்தோம். அண்ணியும் குறிஞ்சியும் பஸ்ஸில். நான் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில், ஏதோ மந்திரிக்குப் பாதுகாப்புப் போகிற மாதிரி. மலை இறங்குகிற பஸ் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கும், அடிக்கத்தான் வேண்டும். முதல் வளைவிலேயே என் ஹெல்மெட்டைத் தாண்டி அவள் அலறல் கேட்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையைக் கம்பியில் மோதியிருக்கிறாள். உள்ளே ஒருத்தர், "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரிச்சியா?" என்று கேட்டாராம். இன்னொருத்தர், "ஒரு புள்ளய அடக்கத் தெரில, இன்னா அம்மாக்காரி இவ" என்றாராம். அண்ணி எழுந்து பஸ்ஸின் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொல்லி, நடுமலையில் வளைவு ஓரமாக இறங்கிவிட்டார்கள். பிள்ளையின் நெற்றியில் புடைத்திருந்தது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பிப் போகலாமா என்று கேட்கத்தான் நினைத்தேன். அண்ணி முந்தானையை அவள் காதைச் சுற்றிக் கட்டி, நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஏறிக்கொண்டார்கள். "வண்டிய எடுங்க தம்பி. பேசுறவங்க பேசிக்கினு இருக்கட்டும்" என்றார்கள். எதிரே மலை ஏறி வந்த பஸ்ஸிலிருந்து பூமாலைச் சித்தி தலையை வெளியே நீட்டியது அப்போதுதான். அண்ணி அவளுக்குக் கையாட்டினார்கள். இதை அவள் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அண்ணி தலையில் என் ஹெல்மெட் இருந்தது என்பதையும் சொல்லியிருக்க மாட்டாள். வண்டி அதிர்வில் பிள்ளை கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒரு சத்தம் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஜெனிபர் என்று ஒரு பயிற்சியாளர், கச்சிராயபாளையத்துப் பெண். பேசு என்று குறிஞ்சியை அவர் கேட்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். ஊதினார், ஊதினார், திடீரென்று நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தார். இவள் குமிழியைத் தேடினாள். அவர் கையைப் பிடித்துப் பாட்டில் மேல் வைத்தாள். அவர் அசையாமல் காத்திருந்தார். எனக்கோ பொறுமை போய்விட்டது, ஊதித் தொலைக்கலாமே என்று. அப்போது குறிஞ்சி நிமிர்ந்து அவர் முகத்தை ஒரே ஒரு கணம் பார்த்தாள். உடனே ஊதினார். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், பாத்தீங்களா பாத்தீங்களா என்று. பார்த்தேன் அண்ணா. தாவாக்கட்டையை யாரும் பிடிக்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் நிறைய இருக்கின்றனவாம். ஒரே தடவை பார்த்துவிட்டு இதுதான் என்று முத்திரை குத்த மாட்டார்களாம். குழந்தை டாக்டர் முழுசாகப் பார்க்க வேண்டும், காதுக்கும் முறையாக ஒரு பரிசோதனை எடுக்க வேண்டும். ஆனால் அதெல்லாம் முடியட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை, இந்த வயதில் தொடங்குவதுதான் நல்லது, வாரா வாரம் வியாழக்கிழமை வாருங்கள் என்றார்கள். குணமாகுமா என்று நான் நேராகவே கேட்டேன். "இது ஜொரம் இல்லைங்க, எறங்கிப் போறதுக்கு. அவ அவளாத்தான் இருப்பா. ஆனா தனக்கு வேணுங்கறதச் சொல்லக் கத்துக்குவா, நாம புரிஞ்சிக்கக் கத்துக்கணும்" என்றார் அந்தப் பெண். அண்ணி, செல்போனாலதான் வந்துச்சா என்று கேட்டார்கள். குறைத்துக்கொண்டால் நல்லதுதான், ஆனால் அதனால் வந்தது இல்லை, அம்மா வளர்ப்பால் வந்ததும் இல்லை என்று அவர் சொன்னார். பஸ்ஸில் அவ்வளவு பேர் பேசியபோது அழாத அண்ணி அங்கே உட்கார்ந்து அழுதார்கள்.

வெளியே வந்தபோது உன் போன். மிச்சம் உனக்கே தெரியும். மாமனார் பேச்சைக் கேட்டு இருக்க முடியாது என்றால் சின்னசேலத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போ என்று அண்ணியிடம் சொன்னாய். அண்ணி போனை வைத்துவிட்டு, என்னிடம் சொன்னார்கள்: "சின்னசேலத்துலேருந்து கள்ளக்குறிச்சி பக்கம்தானே தம்பி? மல எறங்குற வேல மிச்சம். உங்க அண்ணன் தெரியாம நல்லது பண்ணிட்டாரு." மறுநாளே துணிமணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தண்டனை கொடுத்ததாக நினைத்துக்கொண்டு இருக்காதே.

வெள்ளிக்கிழமை.

டேவிட் நாளை கிளம்புகிறான். அதற்குள் இன்னும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

நேற்று அண்ணி குறிஞ்சியைச் சின்னசேலத்திலிருந்து தனியாகவே பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். மில்லில் டர்பைன் பக்கம் போகும்போது காதுக்கு ஒன்று மாட்டிக்கொள்வோம், சத்தம் தெரியாமல் இருக்க. அதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். அவள் தலைக்குப் பெரிசு. அண்ணி துணி வைத்துத் தைத்துச் சரி செய்திருக்கிறார்கள். முதலில் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாளாம், பிறகு ஹாரன் சத்தம் வந்ததும் அவளே எடுத்து நீட்டினாளாம், மாட்டிவிடு என்று. பஸ்ஸில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்களாம். பார்த்தால் பார்க்கட்டும் என்றார்கள் அண்ணி. பேச்சு வந்ததா என்று கேட்காதே. வரவில்லை. அடுத்த மாதமும் வராமல் இருக்கலாம். அதை மட்டும் அளவாக வைத்து எல்லாவற்றையும் பார்க்காதே.

இன்றைக்குக் காலையில் கரியாலூர் போனேன். கடையில் அப்பா தனியாக நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் டீ ஆற்றிக்கொண்டே, "நேத்து பஸ்ஸுல கத்துச்சா அது?" என்று கேட்டார். கத்தவில்லை என்றேன். அடுத்த கிளாஸை எடுத்துக்கொண்டே, "அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்றார். சொன்னேன், இந்தத் தடவை சத்தம் போடாமல் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நான் பிராத வாபஸ் வாங்க மாட்டேன்டா" என்றார். "யாரு வாங்கச் சொன்னது?" என்றேன். "அது பாட்டுக்கு அது நடக்கட்டும். நீங்க பாட்டுக்கு நீங்க போய்க்கினு இருங்க" என்றார். அப்பா இறங்கி வந்தது அவ்வளவுதான். நம் அப்பாவுக்கு அதுவே ஜாஸ்தி.

ஆக மிச்சம் நீ ஒருத்தன்தான். என்னை அன்பிளாக் செய்ய வேண்டாம், என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டாம், பூமாலைச் சித்தியைக் கேள்வி கேட்கவும் வேண்டாம். சின்னசேலத்துக்கு ஒரு போன் போடு. 'போயிட்டு வா மலரு' என்று அண்ணியிடம் சொல். அது போதும். நீ சொல்லாவிட்டாலும் வியாழக்கிழமை அவர்கள் போகத்தான் போகிறார்கள். பஸ் சரிப்படவில்லை என்றால் என் பைக் இருக்கிறது, ஊரே ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தாலும் எடுப்பேன். உன்னிடம் அனுமதி கேட்டு இதை நான் எழுதவில்லை. ஆனால் நீ சொல்லி அவர்கள் போவதற்கும் சொல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க என்னிடம் எந்தக் கருவியும் கிடையாது. சின்னசேலம் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அண்ணியின் முகத்தைப் பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. சாரத்தில் ஏறும்போது பெல்ட் போடாமல் ஏறுகிறாய் என்று டேவிட் சொன்னான். போட்டுக்கொண்டு ஏறு. பத்திரமாக வந்து சேர். உன் மகளுக்கு அப்பா வேண்டும். அதை அவள் சொல்ல மாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத, உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிற தம்பி,
தமிழழகன்.